அந்தக் குழந்தையின் விரலிலிருந்து டேப்பைக் கழற்றுங்கள்

அந்தப் பியானோ காணொளியை இன்னும் பகிர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். நடுவிரலையும் சுண்டுவிரலையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, மோதிர விரலை மட்டும் உயரத் தூக்கி அடிக்கச் சொல்கிறார்கள். குழந்தையின் முகம் வலியில் சுருங்குகிறது. கீழே பாராட்டு மழை. எனக்கு வயிறு எரிகிறது.

நடுவிரலை மடக்கி மேசையில் அழுத்தி, மற்ற விரல் நுனிகளை ஊன்றி, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் எழும்பாது. புறங்கையில் அதன் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பின்னியிருக்கிறது. பயிற்சியால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ மேதை ஷோபானுக்கு இது தெரிந்திருந்தது. முடிக்காமல் விட்ட பியானோ பாடக் குறிப்புகளில், நான்காம் விரலான மோதிர விரல் மூன்றாவதான நடுவிரலோடு ஒட்டிப் பிறந்தது, பிரிக்க முயல்வது வீண் என்றே எழுதினார். எல்லா விரலுக்கும் ஒரே பலம் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தொனி போதும் என்பது அவர் கட்சி. அதனால்தான் மாணவர்களுக்கு முதலில் பி மேஜர் ஸ்கேல், கருங்கட்டைகள் நிறைந்த சுர வரிசை. கட்டைவிரலை 1 என்று எண்ணினால், வலது கையின் விரல் வரிசை 1 2 3 1 2 3 4 5. நீண்ட விரல்கள் கருங்கட்டைகளில் இயல்பாக உட்காரும், கட்டைவிரல் வெள்ளையில் நுழைய இடம் இருக்கும். எல்லோரும் தொடங்கும், வெள்ளைக் கட்டைகள் மட்டுமே உள்ள சி மேஜரை அவர் கடைசிக்குத் தள்ளினார், கைக்கு ஊன்ற இடமில்லாததால் அதுவே கடினம். தினம் 6 மணி நேரம் வாசித்த மாணவியைக் கடிந்துகொண்டு, 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றார்.

"இன்னொரு பியானோ மேதை லிஸ்ட் பயிற்சி செய்யவில்லையா?" என்பீர்கள். செய்தார். 1832இல் தினம் 4, 5 மணி நேரம் மூன்றாம் சுர ஜோடி, ஆறாம் சுர ஜோடி, ஆக்டேவ் (எட்டாம் சுர ஜோடி), ட்ரெமொலோ (சுரங்களை மாறி மாறி விரைந்து அடிப்பது) என்று உழைத்தார். அதில் கையும் புஜமும் சேர்ந்து உழைத்தன. விரலை ஒட்டிவைத்து அடிப்பது அந்த உழைப்பு ஆகாது.

அதே காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக்கில் இசையமைப்பாளர் ஷூமன் விரலுக்குக் கருவி மாட்டிப் பயின்றார். வலது கை கெட்டது, மேடைக் கனவும் போனது. கருவிதான் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள், சரி. அந்தச் சந்தேகத்தை ஒரு குழந்தையின் கையில் வைத்தா தீர்ப்பது?

இன்றைய பியானோவில் ஒரு கட்டையை மெல்ல இறக்கவே ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும், ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். ஷோபான் வாசித்த ப்ளெயெல் நிறுவனப் பியானோ இதைவிட இலகு. மோதிர விரலைத் தனியாக அடிக்காமல், முன்கையை அந்த விரலுக்கு நேராகச் சற்று நகர்த்தி எடையைச் சாயவிடுங்கள், சத்தம் தானாக வரும். முன்கை இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள்.

"கண்டிப்பு இல்லாமல் கலை வராது" என்று எனக்குப் பாடம் எடுக்க வருபவர்களே, பரீட்சைச் சான்றிதழை மாட்டச் சுவர் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு வலது கை ஒன்றுதான். வலிக்கிறது என்று அது சொன்னால் நம்புங்கள்.