வெள்ளிக்கிழமை மாலை அனுப்பப்படும் ஆன்டிபாடி

வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரில் பெட்டியைக் கூரியரில் ஏற்றி, "அனுப்பிவிட்டோம் சார்" என்று வாட்ஸாப்பில் ஒரு படமும் போட்டுவிட்டால் தம் கடமை தீர்ந்ததென்று நினைக்கும் விநியோகஸ்தர்களிடம் கேட்கிறேன்: அந்தக் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

சனியும் ஞாயிறும் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை உச்சி வெயிலில் அவிநாசி சாலை வழியாக எங்கள் ஆய்வகத்துக்கு அந்தத் தெர்மோகோல் பெட்டி வந்து சேர்கிறது. திறந்தால் ஐஸ் பேக் வெதுவெதுப்பாக இருக்கிறது. நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் மானியப் பணத்தை அதற்குள் செலவழிக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுக்க, சரக்கெல்லாம் சரியாகப் பங்குனி, சித்திரை வெயிலில்தான் கோவைக்கு வருகிறது என்பது தனிக் கொடுமை.

குப்பியில் இருப்பது ஆன்டிபாடி, செல்லில் ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதம். வெறும் ஆன்டிபாடியாக இருந்தால் ஓரளவு தாங்கும். அது ஒட்டிய செல் ஒளிர்ந்து தெரிவதற்காக அதனுடன் பிணைத்திருக்கும் சாயம் தாங்காது. நாங்கள் வாங்கும் பிஇ-சை7 என்பது, பைக்கோஎரித்ரினும் (பிஇ) சை7-உம் சேர்ந்த இரட்டைச் சாயம். லேசர் ஒளியை வாங்கும் பைக்கோஎரித்ரின், அந்த ஆற்றலைச் சை7-க்குக் கைமாற்ற, அது 780 நானோமீட்டர் அருகே ஒளிர வேண்டும். வெப்பமும் வெளிச்சமும் பட்டுச் சை7 சிதைந்துவிட்டால், கைமாற்ற ஆளில்லாமல் பைக்கோஎரித்ரின் தானே 578 நானோமீட்டர் அருகே ஒளிர்கிறது. செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியோ, அந்த நிறத்தை வேறொரு ஆன்டிபாடியின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, செல்லில் இல்லாத இன்னொரு புரதம் இருப்பதாகக் காட்டுகிறது. முற்றிலும் செத்த ஆன்டிபாடி என்றால் கண்டுபிடித்துவிடலாம். இது பாதி உயிரோடு இருந்து பொய் சொல்கிறது, அந்தப் பொய்யை நம்பி ஒரு மாணவி வரைபடம் வரைகிறாள்.

புகார் செய்தால், குப்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். தெளிவான திரவத்தின் படத்தில் எந்தச் சிதைவைப் பார்க்கப் போகிறார்கள்? வெயிலில் எந்தச் சாயம் வெளுக்கும் என்பதைத் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களிடம் சொன்னால் அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள். இவர்களோ, சண்டை போட்ட பிறகு அடுத்த குப்பியை, எதையும் உறையவைத்துவிடும் உலர்பனியில் (டிரை ஐஸ்) புதைத்து அனுப்பினார்கள்! 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது என்று குப்பியிலேயே அச்சிட்டிருக்கிறதே, ஐயா! பைக்கோஎரித்ரினும் புரதம்தான், உறைந்து உருகினால் அதுவும் கெட்டுப்போகும்.

எத்தனை குப்பி வாங்கினாலும் ஒரே மாதிரி ஆன்டிபாடி கிடைக்க வேண்டும் என்பதற்குத்தானே 1975-இல் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்ட, ஒரே செல்லின் வம்சத்திலிருந்து ஆன்டிபாடி தயாரிக்கும் முறையை உலகமே கொண்டாடியது, 1984-இல் நோபல் பரிசும் கொடுத்தது? அந்த ஒருமைப்பாட்டை ஒரு வார இறுதியில் கெடுத்துவிட்டு, "எங்கள் தரப்பில் தவறில்லை" என்று மின்னஞ்சல் அனுப்ப எப்படி மனம் வருகிறது?

திங்களன்று அனுப்புங்கள், செவ்வாயோ புதனோ வந்துசேரட்டும். பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை வையுங்கள். அதற்கான பணத்தையும் பில்லில் சேருங்கள், தருகிறோம். ஆனால் ஒவ்வொரு பில்லிலும் ஏற்கெனவே குளிர்பதனப் போக்குவரத்துக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்குகிறீர்களே, அது எதற்கென்று முதலில் எழுத்தில் சொல்லுங்கள்.