தேய்ந்த பல்லுக்கு விமானி என்ன செய்வார்?
"தரையிறங்கும்போது நடக்கும் விபத்து என்றாலே விமானியின் தவறுதான்" என்று விமான விபத்துகள் பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. 1991 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பிரன்ஸ்விக் விமான நிலையத்தில் இறங்க வந்த எம்ப்ரேயர் 120 விமானம் விழுந்து, உள்ளே இருந்த 23 பேரும் இறந்தார்கள். இடது ப்ரொப்பல்லரின் பிளேடு கோணத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் ஒரு சின்னத் தண்டின் பல் தேய்ந்துபோயிருந்தது. பிளேடு தானாகவே தட்டையாகத் திரும்பி, காற்றைச் சுவர் மாதிரி தடுக்க, விமானம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. விமானியால் அதைச் சரிசெய்திருக்கவே முடியாது. மேலே கருத்து எழுதிய ஒருவர் "பழைய டப்பா விமானமாக இருக்கும்" என்கிறார். இல்லை, சில மாதங்களே ஓடிய புது விமானம் அது. தண்டோடு கோத்திருந்த குழாயின் பல்லுக்கு ரொம்பக் கடினமான, சொரசொரப்பான பூச்சு கொடுத்திருந்தார்கள். அது தண்டின் பல்லை அரம் போல ராவிவிட்டது. வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. காசிமேட்டு விசைப்படகு ஒன்றில் பழைய தண்டுக்குப் புதுக் கப்ளிங் (தண்டுகளை இணைக்கும் பாகம்) மாட்டியிருந்தார்கள். ஆறே மாதத்தில் பல்லெல்லாம் கத்தி முனையாக மெலிந்து, இடுக்கில் செம்பழுப்புத் தூள் அப்பிக் கிடந்தது. அதுவரை ஓனர், டிரைவருக்குக் கியர் போடத் தெரியவில்லை என்றுதான் திட்டிக்கொண்டிருந்தார். தண்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். நகத்தால் ஒரு பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, நேராக டிரைவரிடம் போய்ப் பேசினார்.