பிரெட் ஹார்ட் சரணடையவில்லை

1997 நவம்பர் 9 அன்று கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த சர்வைவர் சீரீஸ் என்னும் தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சியில், ஷான் மைக்கேல்ஸ் போட்ட ஷார்ப்ஷூட்டர் என்னும் கால்பூட்டுப் பிடியைத் தாங்க முடியாமல் கனடிய வீரர் பிரெட் ஹார்ட் சரணடைந்தார் என்று ஒரு கூற்று உண்டு. அதிகாரப்பூர்வ முடிவும் அவ்வாறே பதிவாகியிருப்பதால் இப்படி எண்ணுவது இயல்புதான். ஆனால், அன்று பிரெட் சரணடையவில்லை. வளையத்தின் ஓரத்தில் நின்ற, போட்டியை நடத்திய மல்யுத்த நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மெக்மேனின் ஏற்பாட்டின்படி, பிரெட்டுக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல், நடுவர் ஏர்ல் ஹெப்னர் போட்டியை முடிக்கும் மணியை அடிக்கச் சொல்லிவிட்டார்.

இதை யாரும் சரிபார்க்கலாம். போட்டியின் கடைசி ஒரு நிமிடத்தை மெதுவாக ஓடவிட்டு, பிரெட்டின் கைகளை மட்டும் கவனியுங்கள்: அவை சரணடைவதன் அடையாளமாக ஒருமுறைகூடத் தரையைத் தட்டுவதில்லை, பிடியிலிருந்து விடுபட ஷானின் காலைப் பற்றவே முயல்கின்றன. மணி ஒலித்ததும் அவர் எழுந்து வின்ஸின் முகத்தில் உமிழ்வதும் அதே பதிவில் தெளிவாகத் தெரியும். ஷானின் திறமையை நானும் பெரிதாக மதிக்கிறேன். ஆயினும், தன் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் பிரெட் செய்யாத ஒன்றை அவர் செய்ததாகச் சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.