டிசம்பர் 31இல் மழை நிற்காது

திருகோணமலையில் அனர்த்த முகாமைத்துவத்துக்குப் பணமே வருவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருகிறது. போதாதுதான், ஆனால் வருகிறது. அது வந்து சேரும் மாதம்தான் கோளாறு.

அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. நமக்கு மாரி ஐப்பசியில் பிடித்தால் தை வரை இழுக்கும். 1964 புயல் டிசம்பரில் அடித்தது. சுனாமி 2004 டிசம்பர் 26. புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2. டித்வாப் புயல் 2025 நவம்பர் 28. (கந்தளாய்க் குளக்கட்டு மட்டும் 1986 ஏப்ரலில் உடைந்து நம்மை ஏமாற்றியது.) கணக்காளர்மார் புத்தகம் மூட அந்தரப்படும் அதே கிழமைகளில்தான் வெருகலிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் சனம் உடுப்பு மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறது.

பணம் வரும் வழியைப் பாருங்கள். திறைசேரி, அமைச்சு, கொழும்பிலுள்ள அனர்த்த முகாமைத்துவ நிலையம், பிறகு நமது கச்சேரி (அரசாங்க அதிபரின் மாவட்டச் செயலகம்), அப்புறம் பிரதேச செயலகம். ஒவ்வொரு படியிலும் ஒரு கடிதம், ஒரு மதிப்பீடு, ஒரு அனுமதி. 2025க்கான வரவுசெலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியதே மார்ச்சில்தான். அந்த ஆண்டின் கடைசியில்தான் டித்வா வந்து மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்தது.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒருமுறை வடிகால் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. விண்ணப்பம் கொடுத்தது கச்சான் காற்று அடிக்கிற நேரம். வாய்க்கால் அப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறக்கினால் இரண்டு நாள் வேலை. அனுமதிக் கடிதம் கைக்கு வந்தபோது முதல் மழை பெய்து முடிந்திருந்தது. இறக்கிய பெக்கோ ஒரு பக்கச் சில்லுப் புதைந்து சரிந்து நின்றது. அதை இழுத்தெடுக்க இரண்டு உழவு இயந்திரம் பிடித்தோம். அந்தக் கூலியை எந்தத் தலைப்பில் போடுவது என்று அலுவலகத்தில் கேட்டேன். "அதுக்குத் தலைப்பு இல்லை தம்பி" என்றார்கள். பாதி வேலைக்குப் பணம் தந்தார்கள். மீதி டிசம்பர் 31உடன் திரும்பிப் போய்விட்டது. அடுத்த வருடம் முதலிலிருந்து விண்ணப்பம்.

அதிகாரிகள் கள்ளர் என்று நான் சொல்ல வரவில்லை. பலர் வெள்ளத்துக்குள் முழங்காலளவு நின்று வேலை செய்கிறவர்கள். ஆனால் கணக்காய்வுக்குப் பயந்தவர்கள், பயப்படத்தான் வேண்டும். செலவழிக்காத பணத்தை ஏன் திருப்பினாய் என்று மேலிடம் கேட்கும், விலைமனு இல்லாமல் ஏன் செலவழித்தாய் என்று கணக்காய்வு கேட்கும். இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான வழி ஒன்றுதான்: டிசம்பரில் ஒரு பயிற்சிப் பட்டறை. பைல் கவர், பேனை, பிரியாணிப் பார்சல், பின்னால் ஒரு பதாகை, குழுப்படம். வவுச்சர் சுத்தம். வடிகால் மட்டும் அப்படியே கிடக்கும்.

இன்னொரு வியாதியும் உண்டு. மூலதனச் செலவுக்குப் பணம் கிடைக்கும், மீண்டெழும் செலவுக்கு, அதாவது வருடாவருடம் திரும்ப வரும் செலவுக்கு, கிடைக்காது. படகு வாங்கித் தருவார்கள், எண்ணெய்க்கும் சர்வீசுக்கும் யாரும் ஒதுக்க மாட்டார்கள். அப்படி ஒரு படகை நான் பார்த்திருக்கிறேன். தார்ப்பாய்க்குக் கீழே எஞ்சின், நன்கொடை கொடுத்தவரின் ஸ்டிக்கர் பளிச்சென்று, பெற்றோல் குழாய் மட்டும் வெயிலில் வெடித்து. வெள்ளம் வந்த அன்று ஆட்களை ஏற்றியது மீனவச் சங்கத்துப் பொடியன்களின் படகுகள். அவர்கள் எரித்த மண்ணெண்ணெய்க்கு ரசீது இல்லை, அதனால் அந்தச் செலவு நடக்கவே இல்லை என்று கணக்கு சொல்லும்.

முகாமில் சமைத்த சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சித்திரைப் புதுவருடம் கழிந்தும் கொப்பியை நீட்டுவார்கள்.

என்னுடைய கருத்து இதுதான். நம் மாவட்டத்துக்கான முன்னாயத்தப் பணம் சித்திரைக்குள் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். அதற்கான மதிப்பீடுகள் முந்தைய மாரி வடிந்த கையோடு தயாராகட்டும். ஆவணிக்குள் மண் வேலை முடியட்டும். முடியாத வேலையின் பணம் கொழும்புக்குத் திரும்பாமல் அடுத்த மார்ச் வரை அதே வேலைக்கு நிற்க விதி மாற்ற வேண்டும். அது நம் அரசாங்க அதிபரின் கையில் இல்லை, திறைசேரியின் கையில் இருக்கிறது. ஆகவே நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் அங்கே பேச வேண்டியது இதைத்தான், நிவாரணப் பொதி பற்றி அல்ல.

கேள்வி கேட்க ஆள் இல்லாத காலம் நீண்டுவிட்டது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமலே ஓடின. இப்போது பிரதேச சபைகளில் ஆட்கள் இருக்கிறார்கள், வாக்குக் கேட்டு வந்த முகங்கள் நமக்குத் தெரியும்.

அவர்கள் கேட்கும்வரை நாமே கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தருகிறோமா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். நான் பிரதேச செயலகத்துக்கு எழுதியிருப்பது நான்கே வரிகள்: போன வருடம் அனர்த்தத் தயார்நிலைக்கு எவ்வளவு வந்தது, எந்தத் திகதியில் வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு திரும்பியது. குச்சவெளி, தம்பலகாமம், சேருவில பக்கத்து நண்பர்கள் தங்கள் செயலகத்துக்கும் இதையே எழுதுங்கள். மாதிரிக் கடிதம் வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். பதில்கள் வந்ததும் திகதிகளை மட்டும் ஓர் அட்டவணையாக இங்கே போடுகிறேன்.