அந்தத் தோழிக்கும் ஒரு கதை வேண்டும்

மாயம் செய்தால் மரணம் என்று ஒரு சட்டம். விரல்நுனியில் நெருப்பை வரவழைக்கத் தெரிந்த ஒரு பெண். அவளுக்கு ஒரு தோழி. இந்த மூன்றும் இருந்துவிட்டால் விடிய விடியப் படிப்பேன். பதின்வயதினருக்கான சரித்திர மாயக் கதைகள் என்றால் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் இந்தக் குறை உறுத்துகிறது. நான் படித்த பல கதைகளில் அந்தத் தோழி ரகசியத்தைக் கேட்பாள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்பாள், அப்புறம் பத்து அத்தியாயத்துக்கு ஆளையே காணோம்.

சட்டத்தின் கண் முதலில் போவது அவளிடம்தானே!

இங்கிலாந்தில் 1604இல் வந்த சூனியச் சட்டத்தின்படி, தீய ஆவியை ஏவுவது மட்டுமல்ல, அதற்குத் தீனி போடுவதும் மரண தண்டனைக் குற்றம். சரி, ஒருத்தி தன் வீட்டுக்குள் எதற்குத் தீனி போட்டாள் என்று யாருக்குத் தெரியும்? அடுப்படி வரை வந்து போகிறவர்களுக்குத்தான்.

1612இல் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் அதுதான் நடந்தது. ஜெனட் டிவைஸுக்கு ஒன்பது வயது இருக்கும். சூனிய வழக்கில் தனக்கு எதிராக மகளே சாட்சி சொல்ல வந்ததைப் பார்த்துத் தாய் கதறினாள். தாயை வெளியே கொண்டுபோய்விட்டு, சிறுமியை ஒரு மேசைமேல் ஏற்றி நிறுத்திச் சொல்ல வைத்தார்கள். அவள் சொன்னாள். தாய், அண்ணன், அக்கா மூவரையும் தூக்கிலிட்டார்கள். அந்த மேசையை என்னால் மறக்க முடியவில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலத்தில் (நம்மூர்ச் சேலம் இல்லை), 1692இல், இன்னும் கொடுமை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்தவர் பெயரையும் சொன்னவர்கள் பிழைத்தார்கள். "நான் சூனியக்காரி இல்லை" என்று கடைசிவரை நின்றவர்களுக்குத் தூக்கு. மொத்தம் 19 பேர். உயிர் வேண்டுமா, ஒரு பெயரைச் சொல். தோழமையை அறுப்பதற்கென்றே செய்த கத்தி போல இல்லையா இது?

இவ்வளவும் கண்முன்னே இருக்க, கறுப்பு அங்கி போட்ட வில்லன் எதற்கு? மாயமே தெரியாத ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் "அவள் யார் என்று சொல்லிவிட்டு நீ வீட்டுக்குப் போகலாம்" என்று அன்பாகக் கேட்கும் ஓர் அதிகாரி போதும். அவளிடம் தப்பிக்க மந்திரம் இல்லை. வாயை மூடிக்கொள்வது ஒன்றுதான் அவளால் முடியும். அந்த ஒரு இரவை நூறு பக்கம் எழுதினாலும் படிப்பேன்.

இன்னொரு ஆசையும் உண்டு. 1735இல் பிரிட்டனில் சட்டம் தலைகீழானது. மாயசக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதே ஏமாற்று, அதற்கு ஓராண்டுச் சிறை என்றார்கள். தூக்குக்கயிறு போனது நல்லதுதான். ஆனால் நிஜமாகவே மாயம் தெரிந்த ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை அவளைக் கண்டு நடுங்கிய ஊர் இனி அவளைப் பொய்க்காரி என்று சொல்லும். அது பொய்யில்லை என்று தெரிந்தவள் உலகத்திலேயே ஒருத்திதான். சின்ன வயதில் அந்த நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டவள்.

அவள் சொல்வதாக யாராவது ஒரு நாவல் எழுதியிருந்தால் சொல்லுங்கள், இன்றிரவே தொடங்கிவிடுவேன்.