அன்ஃபீல்ட்காரரும் கிளிநொச்சிக்காரரும் சமமான காலம்

"கிளிநொச்சியில் இருந்துகொண்டு உனக்கு லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தோடு என்ன வேலை? அவர்களின் அன்ஃபீல்ட் மைதானத்தின் வாசலையாவது கண்டிருக்கிறாயா?" இப்படிக் கேட்பவர்களுக்கு 2020 நல்ல பதில் சொன்னது. கொரோனாவால் மார்ச் 13இல் இங்கிலாந்தின் முதல்தர லீக்கான பிரீமியர் லீக் நின்றது. அடுத்த கிழமை இங்கே ஊரடங்கு. ஜூனில் பார்வையாளர் இல்லாமல் ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது, அன்ஃபீல்டில் அப்பா காலத்திலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருந்தவரும் என்னைப் போல ரிவிக்கு முன்னால்தான்.

லிவர்பூல் 30 வருடம் காத்திருந்த லீக் கிண்ணம். அதுவும் ஜூன் 25இல் லிவர்பூல் விளையாடாமலே கிடைத்தது. இரண்டாம் இடத்திலிருந்து துரத்திய மான்செஸ்டர் சிற்றியைச் செல்சி 2-1 என்று வென்றபோது இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. வீடே நித்திரை. சாரத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு துள்ளினேன்.

அதற்காக, பார்வையாளர் இல்லாவிட்டாலும் ஆட்டம் ஆட்டம்தான் என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் மே 16இல் ஜெர்மனிதான் முதலில் தொடங்கியது. டோர்ட்மண்ட் 4-0 என்று ஷால்கவை அடித்தது. 80,000 பேர் கத்தும் இடத்தில் பந்து உதைபடும் சத்தமும் பயிற்சியாளரின் அதட்டலும் மட்டும் கேட்டன. டோர்ட்மண்ட் வீரர் ஹாலண்ட் கோல் போட்டுவிட்டு, கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் தள்ளி நின்று ஆடினார். பிறகு இங்கிலாந்து ஆட்டங்களின் ஒளிபரப்பில் செயற்கைக் கூச்சல் சேர்த்தார்கள். எனக்கு அது கல்யாண வீட்டில் ஆளில்லாமல் ஸ்பீக்கர் மட்டும் பாடுவது போலத்தான்.

சரி, ஏன் இவ்வளவு அவசரம்? ஒளிபரப்புக் காசு. ஆட்டம் நடக்காவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதே லிவர்பூல் ஏப்ரலில், வீரர் அல்லாத ஊழியர்கள் சிலரின் சம்பளத்தில் 80 வீதத்தை அரசாங்கத்தின் தலையில் கட்டப் பார்த்தது. ரசிகர்களும் பழைய வீரர்களும் ஏசிய ஏச்சில் இரண்டு நாளில் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. கிண்ணம் வென்றதைவிட இதுதான் எனக்குப் பெரிய வெற்றி.

எங்கள் ஊர்க் கழகங்களுக்கு ஒளிபரப்புக் காசும் இல்லை, செயற்கைக் கூச்சலும் இல்லை. சுற்றுப்போட்டி நின்றால் நின்றதுதான். பொடியள் உலர் உணவுப் பொதி கட்டி வீடு வீடாகக் கொடுத்தார்கள். கழகத்துக்குக் காசு அனுப்பும் லண்டன், பாரிஸ் அண்ணைமாரும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள்.

அந்த மாதங்களில் நான் தேடியது லிவர்பூல் நட்சத்திரம் சாலாவை அல்ல, எங்கள் மைதானத்துக் கோட்டோரம் நிற்கும் ஐயாவை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மத்தியஸ்தர் தம்பி, கண்ணாடியை வீட்டில வச்சிட்டு வந்திட்டியோ?" என்பார். ஆட்டத்தை நிறுத்தி அவரைக் கோட்டுக்கு அப்பால் போகச் சொல்வார்கள். இரண்டு அடி பின்னால் போவார். அடுத்த கோர்னருக்கு மூன்று அடி முன்னால் நிற்பார்.