ஆள் அனுப்பிவிட்டால் பில்டரின் பொறுப்பு தீர்ந்துவிடுமா?

புது அடுக்குமாடி வீட்டில் கசிவு என்று புகார் சொன்னால் பில்டர் அலுவலகத்திலிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "ஆள் அனுப்பிவிட்டோமே சார்!" அந்த ஆள் வந்தாரா, வந்தவருக்கு வேலை தெரியுமா, கசிவு நின்றதா என்று யாரும் விசாரிப்பதில்லை. இதை நாம் பொறுத்துக்கொண்டு போவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

எங்கள் படுக்கையறைக் கூரைக்கு நேர் மேலே மாடி வீட்டின் குளியலறை. முதலில் மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. பிறகு ஓதம் ஏறி, பட்டி (பெயிண்டுக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) உப்பி, செதில் செதிலாகக் கட்டிலில் உதிர்ந்தது. பில்டர் அனுப்பியது ஒரு பெயிண்டரை. கையில் சுரண்டும் தகடும் அரை டப்பா பட்டியும். மாடிக்குப் போய்ப் பார்க்கும்படி அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. சுரண்டினார், பூசினார், 'வேலை முடிந்தது' என்று அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். ஈரம் காயாத கூரையில் பூசிய பட்டி எத்தனை நாள் நிற்கும்? அடுத்து வந்தவருக்கு முன்னவர் என்ன செய்தார் என்றே தெரியவில்லை. அதற்கடுத்தவர் வருவதாகச் சொல்லி, எங்களை விடுப்பு எடுத்து வீட்டில் காத்திருக்க வைத்துவிட்டு, வராமலே போனார்.

அந்தத் தொழிலாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பில்டர் துணை ஒப்பந்ததாரரிடம் தள்ளுகிறார், அவர் மேஸ்திரியிடம் தள்ளுகிறார், மேஸ்திரி அன்றைக்குக் கிடைத்த ஆளை அனுப்புகிறார். விற்று முடித்த வீட்டில் செய்யும் பழுது வேலையால் பில்டருக்கு வரவு இல்லை. அதனால்தான் இந்த அலட்சியம்.

குளியலறைக் கசிவைக் கீழிருந்து பட்டி பூசிச் சரிசெய்ய முடியாது. மேலே தரையின் வடிகால் வாயை அடைத்து, தண்ணீர் தேக்கி, ஒரு நாள் முழுக்க விட்டுக் கீழே பார்க்க வேண்டும். கசிந்தால் பெரும்பாலும் நீர்த்தடுப்புப் பூச்சில் கோளாறு. கசியாவிட்டால் குழாய் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். பூச்சுதான் காரணமென்றால் டைல்ஸைப் பெயர்த்து, புதிதாகப் பூசி, மறுபடி தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும். இதற்குச் செலவாகும். ஆகவே பட்டியோடு பெயிண்டர் வருகிறார்.

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவை வீடு வாங்கிய ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ உள்ள குறையைத் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் பணம் வாங்காமல் சரிசெய்வது பில்டரின் கடமை. தவறினால் இழப்பீடு கேட்கலாம். ஆள் அனுப்பினால் போதும் என்று அதில் எங்கும் இல்லை. "ஒப்பந்தத்தில் ஓராண்டுதான் போட்டிருக்கிறது" என்று சிலர் மிரட்டுவார்கள். நம்பாதீர்கள். சட்டம் கொடுத்த 5 ஆண்டை ஒப்பந்த வாசகம் குறைத்துவிட முடியாது.

தொலைபேசியில் சொன்ன புகாருக்குச் சாட்சி கிடையாது. மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ, தேதியோடும் படங்களோடும் எழுதுங்கள். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு நாங்கள் எழுதிய பிறகுதான் சைட் இன்ஜினியரே மாடிப்படி ஏறினார். கசிவு நின்றதைப் பார்க்காமல் அந்த 'வேலை முடிந்தது' தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தினால், "தண்ணீர் தேக்கிச் சோதிக்கவில்லை" என்று அதிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகும் அசையாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. சரிசெய்ய உத்தரவு வேண்டுமென்றால் ஆணையத்திடமும், இழப்பீடு வேண்டுமென்றால் அங்குள்ள தீர்ப்பு அலுவலரிடமும் மனுச் செய்ய வேண்டும்.

சில பில்டர்கள் ஆள் மாற்றி ஆள் அனுப்பி 5 ஆண்டைக் கடத்திவிடப் பார்க்கிறார்கள். குடியிருப்போர் சங்கங்கள் இப்போதே ஒப்படைப்புத் தேதியை எடுத்துப் பாருங்கள். கெடு முடிவதற்குள் எல்லா வீடுகளின் குறைகளையும், மொட்டைமாடி, நீர்த்தொட்டி, லிஃப்ட் குழி உட்பட, ஒரே கடிதத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வையுங்கள்.